மேக்ரோவுக்கும் லேண்ட்ஸ்கேப்புக்கும் எந்த ட்ரைபாட், எந்த ஹெட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வேலைக்கும் ஒரே ட்ரைபாட் போதுமா?

போதும். ஆனால் வாங்கும்போது மேக்ரோவை, அதாவது பூச்சி, பூ போன்ற சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் எடுப்பதை, மனதில் வைத்து வாங்குங்கள். மலையையும் அருவியையும் எடுப்பவருக்கு ட்ரைபாட் ஆடாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. மேக்ரோவில் கதையே வேறு. ஃபுல் பிரேம் கேமராவில் 1:1 அளவில், அதாவது பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும்படி, எடுத்தால் சட்டகத்துக்குள் வருவதே 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும்தான். கேமரா ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் வண்டின் உணர்கொம்பு வெளியே போய்விடும். எஃப்/8-ல் ஃபோகஸ் நிற்கும் ஆழமும் ஏறக்குறைய அதே ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் மேக்ரோ ட்ரைபாட் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும், நினைத்த இடத்துக்கு நுணுக்கமாக நகர வேண்டும், நகர்த்திய இடத்தில் அப்படியே நிற்கவும் வேண்டும். இந்த மூன்றும் உள்ள ட்ரைபாட் லேண்ட்ஸ்கேப்புக்குத் தாராளம். லேண்ட்ஸ்கேப்புக்கென்றே வாங்கியவற்றில் பல, ஒரு காளானுக்கு முன்னால் வைத்தால் கையைவிரித்துவிடும்.

காலும் ஹெட்டும் சேர்ந்த செட்டாக வாங்கலாமா?

ஹெட் என்பது காலின் மேல் அமர்ந்து கேமராவைப் பிடித்துத் திருப்பும் பகுதி. முடிந்தவரை தனித்தனியாக வாங்குங்கள். காலின் உச்சியில் இருக்கும் 3/8 அங்குலத் திருகு பெரும்பாலான நல்ல ஹெட்டுகளுக்குப் பொருந்தும் என்பதால், ஒரு கம்பெனியின் காலில் இன்னொரு கம்பெனியின் ஹெட்டைப் போடுவதில் சிக்கல் இல்லை. கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சின்ன பித்தளை புஷ் (மரையுள்ள வளையம்) கேமராக் கடைகளில் கிடைக்கும். செட்டாக வருவதில் பெரும்பாலும் கால் சுமாராக இருக்கும், ஹெட் அதைவிடச் சுமாராக இருக்கும். கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் காலில் போடுங்கள். ஹெட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய காலின் மேல் எந்த ஹெட்டை வைத்தாலும் அது இரண்டாயிரம் ரூபாய் ட்ரைபாட்தான்.

பெட்டியில் '15 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

15 கிலோ வைத்தால் உடையாது என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த எண்ணை அளப்பதற்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான முறை கிடையாது. ஒருவர் 8 கிலோ என்று அடக்கமாகப் போடுவார், இன்னொருவர் அதைவிட மெலிந்த ட்ரைபாடுக்கு 20 கிலோ என்பார்.

நான் பார்ப்பது காலின் மேல் குழாயின் விட்டம். விவரப் பட்டியலில் 22, 25, 28, 32 மி.மீ. என்று இருக்கும். குழாய்ச் சுவரின் தடிமன் ஒன்றாகவே இருந்தால், குழாய் வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறும். அதாவது 25 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ.க்குப் போனால் பார்வைக்குக் கொஞ்சம்தான் தடித்திருக்கும், உறுதி இரண்டு மடங்குக்கு மேல். மேக்ரோ லென்ஸும் சாதாரண ஜூமும் வைத்திருப்பவருக்கு 28 மி.மீ. நல்ல இடம். தினமும் தோளில் சுமந்து ஏறுகிறவர் 25-ல் நிறுத்திக்கொள்ளலாம். 22 மி.மீ. கால்கள் பயணப் பைக்கானவை. காற்றில்லாத இடத்தில் ஓடும்.

அடுத்து கால் எத்தனை மடிப்பு என்று பாருங்கள். மூன்றா, நான்கா, ஐந்தா? மடிப்பு கூடக் கூடப் பைக்குள் சிறிதாக அடங்கும். ஆனால் தரையைத் தொடும் கடைசிக் குழாய் விரல் தடிமனுக்கு மெலிந்துவிடும், ஆட்டம் தொடங்குவது அங்கேதான். பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறவருக்கு நான்கு சரி. ஐந்தை நான் பரிந்துரைப்பதில்லை.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

அதே அளவு ட்ரைபாடில் கார்பன் எடை குறைவு, தட்டினால் அதிர்வும் சீக்கிரம் அடங்கும். விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஊட்டியில் ஜனவரி விடியலில் அலுமினியக் காலை வெறுங்கையால் பிடித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். அலுமினியம் கல்லில் மோதினால் நசுங்கும், கார்பன் விரிசல் விடும்; எனவே கரடுமுரடாகப் புழங்குபவர் அலுமினியம் வாங்குவதில் தப்பே இல்லை. மெல்லிய கார்பனா, தடித்த அலுமினியமா என்று வந்தால் தடித்த அலுமினியம்தான்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

சென்டர் காலமை (நடுவில் ஏறி இறங்கும் தண்டை) தூக்காமல், ஹெட்டும் கேமராவும் சேர்த்து உங்கள் கண்ணுக்கு வர வேண்டும். 170 செ.மீ. உயரமானவருக்கு வெறும் கால் 135 முதல் 140 செ.மீ. இருந்தால் சரியாக இருக்கும். சாயும் ஸ்க்ரீன் உள்ள கேமரா என்றால் இன்னும் குறைந்தாலும் சமாளிக்கலாம். சரிவில் மட்டும் கவனம்: கீழ்ப்பக்கத்துக் கால் நீண்டுகொண்டே போகும். தேயிலைச் சரிவுகளில் எடுக்கிறவர்கள் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் கூடுதலாகவே வாங்கலாம்.

மேக்ரோவுக்கு இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: எவ்வளவு தாழும்? விவரப் பட்டியலில் 'குறைந்தபட்ச உயரம்' என்று இருப்பது சில சமயம் காலமைக் கழற்றிய பிறகான அளவு, சில சமயம் ஹெட்டைச் சேர்க்காத அளவு. ஹெட்டுக்கு மட்டுமே 9, 10 செ.மீ. போய்விடும். கால் 10 செ.மீ., ஹெட் 10 செ.மீ., அதன் மேல் லென்ஸின் மையம் என்று கூட்டினால் ஒரு அடியை நெருங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் மட்கிய கட்டையில் முளைக்கும் காளான் இரண்டு அங்குலம்தான் இருக்கும்.

அப்படியானால் சென்டர் காலம் வேண்டுமா, வேண்டாமா?

மேலே தூக்கினால் ஆடும், கீழே இருந்தால் தரையில் இடித்துக்கொண்டு ட்ரைபாடைத் தாழவிடாது. இரண்டு பக்கமும் தொல்லை. வழிகள் மூன்று.

ஒன்று, காலமே இல்லாத ட்ரைபாட். லேண்ட்ஸ்கேப்புக்கு இதைவிட உறுதியானது இல்லை, கால்களை விரித்தால் தரையோடு படுக்கும். ஆனால் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் மாற்றவும் மூன்று கால்களையும் தொட வேண்டும்.

இரண்டாவது, காலமை இரண்டாகப் பிரித்து அடிப்பகுதியைக் கழற்றிவிட முடிகிற ட்ரைபாட். நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதுதான். நாள் முழுக்கக் குட்டைக் காலமோடு இருக்கும், உயரத்தைச் சின்னதாக ஏற்றி இறக்கலாம், தாழவும் தாழும்.

மூன்றாவது, காலமைக் கிடையாகச் சாய்க்க முடிகிற ட்ரைபாட். மேன்ஃப்ரோட்டோ 055, வான்கார்டு ஆல்டா ப்ரோ வரிசை போன்றவற்றில் இந்த வசதி உண்டு. வரப்பில் நின்றுகொண்டு வயலுக்குள் இருக்கும் பூவின் நேர் மேலே கேமராவைக் கொண்டுபோகலாம். செடியை மிதிக்க வேண்டியதில்லை. படத்தில் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் கைபோலக் கிடையாக நீளும் அந்தக் காலமின் திசையில் ஒரு கால் இருக்கும்படி வைக்காவிட்டால் மொத்தமும் குப்புற விழும். கேமராவின் எடை கையின் நுனியில் தொங்குவதால் ஒரு சின்னக் காற்றுக்கும் மேலும் கீழும் ஆடும். கையின் நீளத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, டைமரில் எடுங்கள்.

காலமைத் தலைகீழாக மாட்டி, கேமராவைக் கால்களுக்கு நடுவே தொங்கவிடும் வழியும் ஒன்று உண்டு. பட்டன்கள் எல்லாம் தலைகீழ், மூன்று கால்களும் உங்கள் கைக்கும் வெளிச்சத்துக்கும் குறுக்கே நிற்கும். அவசரத்துக்குச் செய்யலாம்.

பிரிட்டனின் பென்போ ட்ரைபாட் தனி ஜாதி. ஒரே ஒரு லீவரை விட்டால் மூன்று கால்களும் காலமும் சேர்ந்து தளர்ந்துவிடும், எந்தக் காலை எந்தத் திசையில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கீழ்க்குழாய் வெளிப்பக்கம் இருப்பதால் ஓடைக்குள்ளும் நிற்கும். பழகும்வரை கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே லீவரைத் தொடுங்கள்.

எந்த ஹெட்? பால் ஹெட், த்ரீ-வே, கியர்டு?

லேண்ட்ஸ்கேப்புக்கு மட்டும் என்றால் நல்ல பால் ஹெட்டோடு இந்தப் பதிலை முடித்துவிடலாம். ஒரு பந்து, ஒரு திருகு, எந்தப் பக்கமும் திரும்பும், எடை குறைவு, பைக்குள் அடங்கும்.

மேக்ரோவில் அதன் குறை இதுதான்: சட்டகத்தைச் சரியாக அமைத்துத் திருகை இறுக்கியதும் கேமரா ஒரு மயிரிழை இறங்கும். அகலக் கோண லென்ஸில் அது தெரியாது. 1:1-ல் கணக்கு போட்டுப் பாருங்கள். பூ 30 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது ஹெட் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் அங்கே 5 மி.மீ. விலகும். சட்டகத்தின் உயரமே 24 மி.மீ. எனும்போது ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. தளர்த்தி, ஏற்றி, இறுக்கி, மறுபடி இறங்கி என்று நாலு தடவை செய்வதற்குள் தட்டான் பறந்துவிடும்.

த்ரீ-வே ஹெட்டில் முன்பின், பக்கவாட்டு, சுழற்சி மூன்றுக்கும் தனித்தனிக் கைப்பிடி. ஒன்றைத் தொட்டால் மற்றவை கலையாது, அடிவானத்தை நேராக்கவும் வசதி. ஆனால் இதிலும் இறுக்கும்போது கொஞ்சம் நகரும், நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகள் தாழ்வான இடத்தில் தரையில் இடிக்கும்.

கியர்டு ஹெட்டில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு குமிழ். திருப்பினால் பல்சக்கரம் வழியாகக் கேமரா மெதுவாக நகரும், குமிழை விட்ட இடத்தில் நிற்கும். தனியாக இறுக்க வேண்டியதே இல்லை, அதனால் இறங்குவதும் இல்லை. பெரிதாகத் திருப்ப வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் பிடியை அழுத்தி விடுவித்துக்கொள்ளலாம். மேன்ஃப்ரோட்டோ 410 இதில் பழம்பெரும் ஆள், எடை 1.2 கிலோ. அதே கம்பெனியின் எக்ஸ்ப்ரோ கியர்டு ஹெட் முக்கால் கிலோ அளவில் வருகிறது. பென்ரோவின் ஜிடி3டபிள்யூஹெச் ஆர்கா பிளேட்டையே (கேமராவின் அடியில் மாட்டும் தகடு, கீழே சொல்கிறேன்) ஏற்கும். ஆர்கா ஸ்விஸ் கியூப் வரைக்கும் போனால் கேமராவின் விலையைத் தாண்டும், அங்கே நாம் போக வேண்டாம்.

வீட்டிலும் தோட்டத்திலும் நிதானமாகக் காளான், பூ, பாசி, பாறைப்பூச்சு எடுப்பவர், கட்டடங்களும் எடுப்பவர் கியர்டு ஹெட் வாங்குங்கள்; ஒருமுறை பழகினால் பால் ஹெட்டைத் தொட மனம் வராது. நாள் முழுக்க நடப்பவர் தரமான பால் ஹெட்டோடு ஒரு சின்ன ஃபோகஸிங் ரெயிலை (கேமராவை முன்பின் நகர்த்தும் தண்டவாளம்) வைத்துக்கொள்ளுங்கள். பால் ஹெட் வாங்கினால் பந்தின் விட்டம் 40 மி.மீ. அளவிலாவது இருக்கட்டும், இறுக்கத்தை முன்கூட்டியே அமைக்கும் தனித் திருகும், கீழ்ச்சுழற்சிக்குத் தனிப் பூட்டும் இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது சாதாரண பால் ஹெட்தான். மேக்ரோவுக்கு எப்படிச் சமாளிப்பது?

இறுக்கத் திருகைக் கொஞ்சம் முறுக்கி, கேமராவை விட்டாலும் விழாத, கையால் தள்ளினால் மட்டும் நகர்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எவ்வளவு இறங்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவு மேலே அமைத்துப் பூட்டுங்கள். கடைசிச் சரிசெய்தலை ஹெட்டில் செய்யாமல் ரெயிலிலோ காலிலோ செய்வது இன்னும் நல்லது. லென்ஸுக்கு ட்ரைபாட் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) கிடைத்தால் மாட்டுங்கள்; எடை பந்தின் நேர் மேலே வந்துவிட்டால் இறக்கம் குறையும்.

ஃபோகஸிங் ரெயில் கட்டாயமா?

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும்: ஹெட் கேமராவைச் சாய்க்கும், திருப்பும், நகர்த்தாது. மேக்ரோவில் நமக்கு அதிகம் வேண்டியது நகர்த்தல்தான். 1:1-ல் லென்ஸின் வளையத்தைத் திருகினால் உருவத்தின் அளவும் மாறிவிடும். கேமராவையே முன்பின் தள்ளிக் கூர்மையைப் பிடிப்பது சுலபம். ரெயில் செய்வது அதைத்தான். இடவலம் நகர்கிற இரண்டாவது அடுக்கும் இருந்தால் ட்ரைபாடைத் தூக்கி வைக்கும் வேலை மிச்சம்.

ஸ்டாக்கிங்குக்கு, அதாவது வேறுவேறு ஆழத்தில் ஃபோகஸ் செய்த பல படங்களைக் கணினியில் ஒன்றாக்குவதற்கு, இப்போதைய பல கேமராக்களில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் (கேமராவே ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்திப் பல படங்கள் எடுப்பது) உள்ளேயே இருக்கிறது. அது இருந்தால் ஸ்டாக்கிங்குக்காக மட்டும் ரெயில் வாங்க வேண்டாம். கையால் செய்பவர் எஃப்/8, 1:1-க்குப் படி ஒன்றுக்கு 0.3 முதல் 0.5 மி.மீ. நகர்த்தலாம். மலிவான ரெயில்களில் குமிழைத் திருப்பும்போது முதலில் ஒரு வெற்றுச் சுற்று ஓடும், பிறகுதான் நகரும். கடையிலேயே திருப்பிப் பாருங்கள்.

பிளேட் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆர்கா ஸ்விஸ் வகையை எடுங்கள். சுமார் 38 மி.மீ. அகலமுள்ள, ஓரம் சரிந்த பிளேட். ரெயில், எல் பிராக்கெட் (கேமராவின் அடியையும் பக்கத்தையும் பிடிக்கும் எல் வடிவ பிளேட்), லென்ஸ் காலர் எல்லாம் இப்போது இந்த வடிவத்தில்தான் வருகின்றன. மேன்ஃப்ரோட்டோவின் பழைய ஆர்சி2 பிளேட் இதில் உட்காராது. ஏற்கெனவே அந்த ஹெட் இருந்தால் மேலே ஓர் ஆர்கா பிடிப்பானைத் திருகிக்கொள்ளலாம்.

எல் பிராக்கெட்டுக்குச் செலவு செய்யலாம். நெடுக்குப் படம் எடுக்கக் கேமராவைப் பால் ஹெட்டின் பக்கவாட்டு வெட்டுக்குள் சாய்த்தால் எடை ஒரு பக்கம் தொங்கும், சட்டகமும் முழுசாகக் கலையும். எல் பிராக்கெட்டில் கழற்றித் திருப்பி மாட்டினால் முடிந்தது.

பூச்சி எடுக்க ட்ரைபாட் உண்மையிலேயே உதவுமா?

ஓடுகிற பூச்சிக்கு உதவாது. குதிக்கும் சிலந்தி, முசுறு எறும்பு போன்றவற்றுக்கு ஃபிளாஷோடு கையில் பிடித்து எடுப்பதுதான் வழி. ஃபிளாஷின் வெளிச்சமே அசைவை நிறுத்திவிடும். ட்ரைபாடின் நேரம் விடியற்காலை. பனி படிந்த புல்லில் தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் உடல் சூடேறும்வரை அசையாமல் இருக்கும். ட்ரைபாடின் கால் அந்தப் புல்லைத் தொடாமல் வைப்பதுதான் சாமர்த்தியம்: தூரத்திலேயே கால்களைச் சரியான உயரத்துக்கு அமைத்துக்கொண்டு, மொத்தமாகத் தூக்கிக்கொண்டுபோய் மெதுவாக இறக்குங்கள். அருகில் போய் லாக்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் நிழலும் சத்தமும் சேர்ந்து விரட்டிவிடும்.

இன்னொன்று. காற்றில் ஆடுவது பூ, கேமரா அல்ல. அதற்கு எந்த ட்ரைபாடும் மருந்தாகாது. தண்டை ஒரு குச்சியில் கிளிப் போட்டு நிறுத்தலாம், அல்லது காற்று ஓயும்வரை காத்திருக்கலாம்.

தரையோடு இருக்கும் பொருளுக்கு ட்ரைபாடே வேண்டாமா?

சில நேரம் பீன் பேக் போதும். ஒரு துணிப்பையில் பருப்போ அரிசியோ முக்கால் பங்கு நிரப்பித் தைத்து, அதன் மேல் கேமராவை வைத்து எடுங்கள். வால்பாறை மழையில் முழங்காலிட்டு எடுப்பவர்களுக்கு அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கும் காலுறைதான் முதல் உபகரணம், அது தனிக் கதை.

ட்ரைபாடில் வைத்தும் படம் ஆடியிருக்கிறது. ஏன்?

பட்டனை விரலால் அழுத்தியிருப்பீர்கள். 2 நொடி டைமரோ ரிமோட்டோ வையுங்கள். மேக்ரோவில் 5 அல்லது 10 நொடி இன்னும் நல்லது. டிஎஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி எழும் அதிர்வு 1/30-லிருந்து அரை நொடி வரையான வேகங்களில் அதிகம் தெரியும். லைவ் வியூவில் எடுங்கள் அல்லது மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் வசதி) போடுங்கள். பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட்டும்.

காட்டுத் தரை பஞ்சு மாதிரி. இலைச் சருகின் மேல் வைத்த கால் மெதுவாக அமிழ்ந்துகொண்டே இருக்கும். சட்டகம் அமைப்பதற்கு முன்பே மேலிருந்து ஒருமுறை நன்றாக அழுத்திவிடுங்கள், எடுக்கும்போது பக்கத்தில் கால் மாற்றி நிற்காதீர்கள். பாலத்தின் மேல் என்றால் லாரி போகும்வரை பொறுங்கள்.

நடுக் கொக்கியில் பையைத் தொங்கவிடலாமா?

பை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது. அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி நிலைமையைக் கெடுக்கும்.

ட்விஸ்ட் லாக்கா, ஃப்ளிப் லாக்கா?

கைக்கு எது பிடிக்கிறதோ அது. ஃப்ளிப் லாக் மூடியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும், நாளடைவில் தளர்ந்தால் சாவி போட்டு இறுக்கலாம். ட்விஸ்ட் லாக் செடிகொடியில் மாட்டாது, கழற்றிக் கழுவச் சுலபம்.

கடற்கரையில் எப்படி வைப்பது, பிறகு எப்படிச் சுத்தம் செய்வது?

தனுஷ்கோடியிலோ மாமல்லபுரத்திலோ அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், ட்ரைபாடின் கால் மெல்லச் சாயும். முதல் இரண்டு அலைகளில் எடுக்காதீர்கள். கால்கள் இறங்கி நிற்கட்டும், பிறகு அடிவானத்தைச் சரிசெய்யுங்கள். சாதாரணமாகத் தடித்த குழாயை முதலில் நீட்டுவோம். தண்ணீரில் நிற்கும்போது மட்டும் கடைசி மெல்லிய குழாயை முழுதாக நீட்டுங்கள். அப்போது அதன் லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும், மணலும் உப்பும் உள்ளே போகாது.

வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கே, கால்களை மடிக்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ட்விஸ்ட் லாக்கைக் கழற்றினால் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவை எந்தக் குழாயில் எந்தப் பக்கம் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு கழற்றுங்கள். மரையில் மணல் இருந்தால் பழைய டூத் பிரஷ். முழுக்கக் காய்ந்த பிறகு மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். ஈரத்தோடு மடித்துப் பையில் போட்டால் அலுமினிய மரை உப்பில் பொரிந்துவிடும்.

கோயில்களிலும் காட்டிலும் ட்ரைபாடை அனுமதிப்பார்களா?

தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். கையில் வைத்து எடுக்கத் தடை இல்லாத இடத்திலும் காவலர் ட்ரைபாடை நிறுத்துவார். புலிகள் காப்பகங்களில் சஃபாரி வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்கள் என்பதால் அங்கே பீன் பேக்தான்.

பழைய ட்ரைபாட் வாங்கலாமா? என்ன சோதிக்க வேண்டும்?

தாராளமாக. கேமரா பழசாகிற வேகத்தில் ட்ரைபாட் பழசாவதில்லை. கால்களை முழுக்க நீட்டி, பூட்டி, மேலிருந்து உடல் எடையில் கொஞ்சம் அழுத்துங்கள். ஏதாவது ஒரு மடிப்பு உள்ளே வழுக்கினால் பட்டையோ லாக்கோ தேய்ந்திருக்கிறது. உச்சியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கால் சேரும் மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. கார்பன் குழாயை விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வந்தால் விரிசல் உள்ள இடத்தில் சத்தம் மாறும்.

ஹெட்டுக்கு, உங்கள் மேக்ரோ லென்ஸையே எடுத்துப்போங்கள். ஒரு ரூபாய் நோட்டைச் சுவரில் ஒட்டி, அதில் ஓர் எழுத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி நடுவில் வைத்துப் பூட்டுங்கள். எழுத்து எவ்வளவு இறங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கியர்டு ஹெட் என்றால் குமிழை ஒரு திசையில் திருப்பிவிட்டு எதிர்த்திசையில் திருப்புங்கள். நகரத் தொடங்குவதற்கு முன் கால் சுற்றுக்கு மேல் வெறுமனே சுற்றினால் பல் தேய்ந்தது. பிளேட் இல்லாமல் விற்றால், அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள்.